லினக்ஸுக்குப் போட்ட பில்

எழுபதைத் தாண்டிய நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாம் பள்ளிக்குப் போன காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் மேசைக்கு அடியில் கிடந்த ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முதுகில் ஒயர்கள் சொருகியிருக்கும். எங்கள் பெட்டியில் ஒன்பது ஒயர்கள். கரண்ட் போனால் யு.பி.எஸ். கத்த ஆரம்பிக்கும், நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவை. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் ஏதோ கற்காலக் கதையைக் கேட்பதுபோல் தலையாட்டுகிறார்கள். அந்தப் பெட்டியின் காரணமாக ஒரு கோடை முழுவதும் நான் பயந்த பயத்தை அவர்களிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஓசூரிலிருந்து தொரப்பள்ளிக்குப் போகும் சாலையில் அத்தாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு தகர ஷெட் இருந்தது. தொழிற்சாலைகள் இயந்திர பாகங்களை வைத்து அனுப்புகிற மரப்பெட்டிகளை அங்கே செய்தார்கள். பதினோரு பேருக்கு வேலை. காற்றில் எந்நேரமும் பைன் மரத்தின் பிசின் வாசனை இருக்கும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிய பிறகும் அத்தாவின் மேல் அந்த வாசனை இருக்கும். ஆணி அடிக்கிற துப்பாக்கியின் சத்தம் ஒரு பெட்டிக்கு எண்பத்து நான்கு தடவை கேட்கும். எண்பத்து மூன்றில் நின்றால், அடுத்த ஆணி விழும்வரை நான் நகர மாட்டேன்.

செய்த பெட்டிகள் எல்லாம் ஒரே ஒரு தொழிற்சாலைக்குத்தான் போயின. அந்தத் தொழிற்சாலை அத்தாவுக்கு ஆறு இலக்கத்தில் ஒரு எண் கொடுத்திருந்தது. வெண்டர் கோடு என்பார்கள். அந்த எண் இருந்தால் கேட் திறக்கும். இல்லாவிட்டால் பெட்டிகளை அடுப்பெரிக்க விற்க வேண்டியதுதான். என் பிறந்த நாளையும் அக்காவின் பிறந்த நாளையும் மாற்றிச் சொல்லும் அத்தா, அந்த ஆறு இலக்கத்தை ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

ஷெட்டின் மூலையில் பிளைவுட் தடுப்பு வைத்த ஒரு சின்ன அறை. அதில்தான் கம்ப்யூட்டர். பெட்டிகளின் அளவுப் பட்டியலும், லாரியோடு அனுப்பும் டெலிவரி சலானும் அதில்தான் இருந்தன. கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திபெலேயில் ஒரு கடைக்காரர் பாகங்களைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்த கம்ப்யூட்டர் அது. உள்ளே இருந்த மென்பொருள் திருட்டுப் பிரதி. அந்தச் சாலையில் இருந்த எல்லாப் பட்டறைகளிலும் அதே கடைக்காரர், அதே பிரதி. அது திருட்டு என்று யாரும் நினைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஏப்ரல் மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. ஒரே பக்கம், பதினேழு வரி, ஆங்கிலம். அக்கா கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் படித்துச் சொன்னாள்.

“பெட்டி சப்ளை பண்றவங்க, பார்ட்ஸ் சப்ளை பண்றவங்க, எல்லாரோட ஆபீஸுக்கும் ஆடிட் வராங்களாம் அத்தா. கம்ப்யூட்டர்ல இருக்கற சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் இருக்கணுமாம். திருட்டு காப்பி இருந்தா வெண்டர் கோட நிறுத்திருவாங்களாம்.”

“எப்ப வராங்களாம்?”

“இருபத்து மூணு நாள் டைம் குடுத்திருக்காங்க.”

“நம்ம கம்ப்யூட்டருக்குத்தான் பில்லு இருக்குதே.”

“பெட்டிக்குத்தான் இருக்குது. உள்ள இருக்கறதுக்கு இல்ல.”

அத்தா மேசைக்கு அடியில் குனிந்து அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தார். வீட்டில் யாரையோ ஒளித்து வைத்திருப்பதாகச் சொன்னால் ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். அசல் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று அக்கா விசாரித்துச் சொன்னபோது, அந்த மாதம் மரம் வாங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மரம் இல்லாவிட்டாலும் வெண்டர் கோடு போய்விடும்.

பில் விஷயத்தில் அத்தாவுக்கு இருந்த பயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். நம் ஊர் மாநில எல்லையில் இருக்கிற ஊர். வெகுகாலம் அங்கே வரி செக்போஸ்ட் இருந்தது. எந்தச் சரக்கு அதைத் தாண்டினாலும் பில் காட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு அத்தா மர லாரியில் க்ளீனராகப் போனவர். ஒருமுறை பில்லில் எழுதியிருந்ததைவிட லாரியில் நான்கு பலகை கூடுதலாக இருந்துவிட்டது. லாரியை ஓரங்கட்டி மூன்று நாள் நிறுத்தி வைத்துவிட்டார்கள். மூன்று நாளும் மழை. டிரைவர் முதலாளியைத் தேடிப் போய்விட, இவர் மட்டும் தார்ப்பாயின் கீழே உட்கார்ந்திருந்தார். போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டானாம். பில் எங்கே?

அதற்குப் பிறகு அவர் பில் இல்லாமல் ஒரு பொருளைக் கையில் வைத்திருந்ததில்லை. பெங்களூரில் இருந்த மாமிக்கு ஒரு கிரைண்டர் எடுத்துப் போனால் அதன் பில் சட்டைப் பையில் இருக்கும். வேப்பனப்பள்ளித் தோப்பிலிருந்து ஒரு கூடை மாம்பழம் எடுத்துப் போனால், இத்தனை பழம் நான்தான் கொடுத்தேன் என்று தோப்புக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்வார். செக்போஸ்ட்டை எடுத்த பிறகும் அந்த இடம் வந்தால் பைக் தானாக மெதுவாகும், இடது கை ஒருமுறை சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும். அம்மா சொல்வாள், “உங்க அத்தாவுக்கு மறுமையிலயும் மொத கேள்வி பில்லு எங்கன்னுதான் இருக்கும்னு நெனப்பு.” அத்தா அதற்குச் சிரிக்க மாட்டார்.

கடிதம் வந்த மூன்றாம் நாள் அக்கா ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தாள். அத்தாவின் கையில் வைத்தாள்.

“இதுல லினக்ஸ் இருக்குது அத்தா. எங்க லேப்ல எல்லா கம்ப்யூட்டர்லயும் இதான். இத போட்டுட்டா எந்த ஆடிட்டும் ஒண்ணும் பண்ண முடியாது.”

“எவ்ளோ?”

“ஒண்ணும் இல்ல. யார் வேணா காப்பி எடுத்துக்கலாம், யாருக்கு வேணா குடுக்கலாம். உள்ள எப்படி எழுதியிருக்காங்கன்னு தெறந்து பாத்துக்கலாம். கட்டற்ற மென்பொருள்னு எங்க மேடம் சொல்வாங்க.”

“பில்லு குடுப்பாங்களா?”

“காசே இல்ல, எதுக்கு பில்லு?”

அத்தா பென் டிரைவை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். “பில்லு இல்லாதத வெச்சிக்கிட்டுதான இப்ப மாட்டிக்கிட்டு நிக்கறம். மறுபடியும் பில்லு இல்லாத இன்னொண்ணா?”

அக்கா பென் டிரைவைக் கைக்குள் மூடிக்கொண்டாள். எனக்கு அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

பெட்டியில் எதையும் மாற்றாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று அவள் இரண்டு நாள் மன்றாடினாள். கடைசியில் அத்தா சரி என்றார். சொருகினாள். திரை கறுப்பானது. வெள்ளை எழுத்துகள் கீழிருந்து மேலே சரசரவென்று ஓட ஆரம்பித்தன. நான் நாற்பது வரி வரை எண்ணினேன், அதற்குமேல் முடியவில்லை. அத்தா எட்டிச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டார். யு.பி.எஸ். கத்தியது. அதையும் அணைத்தார்.

“என்னாத்துக்கு அத்தா அணைச்சீங்க?”

“அது என்னமோ எழுதிக்கிட்டே போவுது. யாருக்கு எழுதுது?”

மறுநாள் அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மறுபடியும் போட்டாள். இந்த முறை எழுத்துகள் ஓடி முடிந்து, நீல நிறத்தில் அமைதியான ஒரு திரை வந்தது. அவள் எங்கெங்கோ தட்டினாள். திரையில் எல்லாம் தமிழாகிவிட்டது. கோப்பு. தொகு. சேமி. அச்சிடு.

நண்பர்களே, அந்த நிமிடத்தை மட்டும் நான் பயமில்லாமல் நினைத்துக்கொள்ள முடியும். அத்தாவுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆறு வருடமாக அந்தக் கம்ப்யூட்டரில் அவர் வேலை செய்தது இடத்தை வைத்து. மேலே இடது மூலை, அங்கிருந்து கீழே ஏழாவது, அதை அமுக்கினால் சலான் வரும். அப்படித்தான். இப்போது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் பலகையைப் படிக்கிறவர்போல் இருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

“சேமி,” என்று படித்துவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். “எங்க சேமிக்குது?”

“நம்ம பெட்டியிலதான்.”

“வேற எங்கயும் இல்லயே?”

“இல்ல அத்தா.”

“நீ பாத்தியா?”

அவர் ஒப்புக்கொண்டார் என்றுதான் அக்கா நினைத்தாள். அவர் பயம் போகவில்லை, வடிவம்தான் மாறியிருந்தது. இத்தனை நாள் அந்தச் சொற்கள் என்ன கேட்கின்றன என்று தெரியாமல் அமுக்கினார். இப்போது தெரிந்து அமுக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் பதித்தோம். அதற்கு முன் கோப்புகளை அக்கா இரண்டு பென் டிரைவில் எடுத்து வைத்தாள். எண்ணுகிற வேலை எனக்கு. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. பதித்து முடித்துக் கோப்புகளைத் திரும்பப் போட்டபோது ஆயிரத்து நூற்று நாற்பத்தைந்து வந்தது. பதினோரு பேருடைய சோறு அந்த ஒரு கோப்பில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். மறுபடி எண்ணினேன். நாற்பத்தாறு. முதல் தடவை நான்தான் ஒன்றை விட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு எண் வித்தியாசத்தில் நின்ற கால் நிமிடம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. இன்றும் வீட்டைப் பூட்டிவிட்டு ஐந்து தடவை இழுத்துப் பார்க்கிறேன்.

அடுத்து பிரிண்டர். கார்பன் வைத்து மூன்று பிரதி அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ். சலான் கேட்டால் புரியாத குறிகளாக நான்கு தாள் கக்கியது. லாரிக்காரர் வெளியே நின்று ஹார்ன் அடிக்கிறார். அன்றைக்கு அத்தா சலானைக் கையால் எழுதிக் கொடுத்தார். அவசரத்தில் வெண்டர் கோடின் கடைசி இலக்கத்தை அடித்து எழுத வேண்டியதாயிற்று. அக்கா தன் சந்தேகத்தை இணையத்தில் ஒரு பொது மன்றத்தில் எழுதிப் போட்டாள். மறுநாள் காலை யாரோ ஒருவர், எந்த நாடு என்றுகூடத் தெரியாது, ஆறு படிகளாக என்ன செய்ய வேண்டும் என்று பதில் எழுதியிருந்தார். ஆறாவது படியில் பிரிண்டர் சரியாகிவிட்டது.

அக்கா துள்ளிக் குதித்தாள். அத்தா கேட்டார், “யார் அவன்?”

“தெரியாது அத்தா. இதுல இப்படித்தான். தெரிஞ்சவங்க சொல்லிக் குடுப்பாங்க.”

“அவனுக்கு நம்மகிட்ட இருந்து என்ன வேணுமாம்?”

“ஒண்ணும் வேணாம்.”

“இப்ப வேணாம்னு சொல்றான். பின்னாடி கேப்பான்.”

பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர் தினமும் சாயங்காலம் டீ குடிக்க எங்கள் ஷெட்டுக்கு வருவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் தமிழ். அவருக்கும் அதே கடிதம் வந்திருந்தது. அவர் பதறவே இல்லை. அத்திபெலே கடைக்காரரிடம் போய், பழைய தேதி போட்டு, மென்பொருளுக்கு பில் வாங்கிவந்துவிட்டார்.

“சீல் போட்டு குடுத்தான் பாய். சூப்பர் பில்லு. நீங்க என்னாத்துக்கு பொண்ணப் போட்டுப் படுத்தறீங்க?”

அக்கா உள்ளேயிருந்து சொன்னாள், “அது பொய் பில்லுண்ணா. நாங்க வெச்சிருக்கறதுக்கு பில்லே தேவ இல்ல.”

“தேவ இல்லயா? அதிருஷ்டக்காரங்கமா நீங்க,” என்று அவர் சிரித்தார். “எங்க ஊட்ல உப்புக்குக்கூட பில்லு கேக்கறா பொண்டாட்டி.”

அத்தா சிரிக்கவில்லை. டீ ஆறும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

அக்கா லினக்ஸின் உரிமத்தை ஒன்பது பக்கம் அச்சடித்து பாக்ஸ் ஃபைலில் போட்டு வைத்திருந்தாள். அத்தா அதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். “இதுல சீல் எங்க இருக்குது?” என்று என்னிடம் கேட்டார். அக்காவிடம் கேட்கவில்லை. அடுத்த நாள் அவள் கல்லூரிக்குப் போன பிறகு என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அத்திபெலேவுக்குப் போனார். வழியெல்லாம் வேப்பனப்பள்ளிப் பக்கமிருந்து மாம்பழ லாரிகள். புளித்த வாசனை. பதினான்கு லாரி வரை எண்ணினேன்.

கடைக்காரர் கன்னடக்காரர். விஷயத்தைக் கேட்டதும் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“ஏனு பாய், ஃப்ரீ மாலுக்கு பில்லா? நான் விக்கவே இல்லியே.”

“நீ வித்ததா போடு.”

“என்ன ரேட்டு போடறது?”

“நீயே பாத்து போடு. ரொம்ப கம்மியா போட்டா நம்ப மாட்டாங்க.”

கடைக்காரர் யோசித்து ஒரு தொகை எழுதினார். லினக்ஸ் லைசென்ஸ், எண்ணிக்கை ஒன்று, வாழ்நாள் முழுதும். ஜிஎஸ்டி எண். வட்டமாக ஊதா நிற சீல். “ஆய்த்து பாய்,” என்று கிழித்துக் கொடுத்தார். மை காயும்வரை அத்தா அதை விசிறிக்கொண்டே நின்றார்.

திரும்பும்போது செக்போஸ்ட் இருந்த இடத்தில் பைக் மெதுவானது. கை சட்டைப் பைக்குப் போனது. அவர் முகத்தைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பதினைந்து நாளில் முதல் தடவையாக அவர் நிம்மதியாக இருந்தார்.

“அக்காகிட்ட சொல்லாத,” என்றார். “அவளுக்குப் படிப்பு இருக்குது. ரோடு தெரியாது.”

நான் சொல்லவில்லை. பாக்ஸ் ஃபைலில் பதின்மூன்று தாள்கள் இருந்தன. அந்த பில்லோடு பதினான்கு.

ஆடிட் முதலில் லேத் பட்டறைக்கு வந்தது. எங்கள் முறைக்கு இரண்டு நாள் முன்பு. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவர் டீக்கு வரவில்லை. அத்தா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டிரம் மேல் உட்கார்ந்திருந்தார். லேத் ஓடவில்லை. ஓடாத லேத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

“என் கத முடிஞ்சுது பாய்.”

“என்னா ஆச்சு?”

“பில்லுல இருந்த நம்பருக்கு அங்கயே நின்னுக்கிட்டு போன் போட்டாங்க. அந்த கடக்காரன், எனக்கு தெரியாது, அது என் பில்லே இல்லன்னு சொல்லிட்டான். கோட நிறுத்திட்டாங்க. லைசென்ஸ் இல்லன்னா கூட டைம் குடுத்திருப்பாங்களாம். பொய் பில்லு வெச்சதுக்குத்தான்.”

அதே கடை. அதே சீல். ஷெட்டுக்குத் திரும்பும்போது, அத்தா இப்போது அந்த பில்லை எடுத்துக் கிழித்துப் போட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஃபைலைத் திறந்து பில்லை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அவன் பில்லுல ஜிஎஸ்டி நம்பர் இருந்திருக்காது,” என்றார். “நம்மளதுல இருக்குது.” திரும்ப உள்ளே வைத்தார்.

“அத்தா, அக்காகிட்ட கேக்கலாமா?”

“சொல்லாதன்னு சொன்னன் இல்ல?”

அந்த இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா மோர் கரைத்துக் கொடுத்தாள். அக்காவிடம் சொன்னால் அத்தாவுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் ஷெட் போய்விடும். பதினோரு பேரையும் ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆடிட். அறையை எப்போதும் கூட்டுகிற, கல்லாவி ஊர்க்கார அண்ணன் அன்று இரண்டு தடவை கூட்டிவிட்டுப் போனார். அக்கா வீட்டிலிருந்து இன்னும் வரவில்லை. அத்தா பேக்கரிக்கு பிஸ்கட் வாங்கப் போனார். அறையில் நான் மட்டும். ஃபைலைத் திறந்தேன். பில் மேலாகவே இருந்தது. எடுத்து நான்காக மடித்தேன், மறுபடியும் ஒரு மடிப்பு. டவுசர் பையில் வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. திரும்ப வைக்கலாம் என்று ஃபைலில் கையை வைத்தபோது பைக் சத்தம் கேட்டது.

பிறகு வாசலில் நின்று சாலையைப் பார்த்தேன். கார் வரும் என்று காத்திருந்தேன். இருபத்தாறு வண்டிகள் போயின, ஒன்றும் நிற்கவில்லை. தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி, குடை பிடித்துக்கொண்டு ஓர் இளம்பெண் நடந்து வந்தார். அவர்தான் ஆடிட்.

கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில் நின்று காட்டினாள். திரையெல்லாம் தமிழில் இருந்ததைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

“லினக்ஸா? இந்த ரோட்ல இப்பதான் முதல் தடவையா பாக்கறேன். யாரு போட்டது, நீங்களா?”

“ஆமா மேடம்.”

“உரிமம் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கீங்களா?”

அக்கா ஒன்பது பக்கத்தையும் கொடுத்தாள். அவர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அத்தோடு முடிந்திருக்கும். அத்தா ஓர் அடி முன்னால் வந்தார்.

“மேடம், பில்லும் இருக்குது.”

அக்கா திரும்பினாள். “என்ன பில்லு அத்தா?”

அத்தா ஃபைலைத் திறந்தார். மேல் தாளைப் பார்த்தார். அடுத்த தாள். அடுத்தது. கடைசிவரை போய் மறுபடியும் முதலில் இருந்து வந்தார். நான் அவரோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறவர்போல் அவர் உதடு அசைந்தது. பதின்மூன்றுதான் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியும்.

“இங்கதான் இருந்துது. நேத்துகூட பாத்தன்.” மேசை இழுப்பறையைத் திறந்தார். சலான் கட்டுகளை எடுத்துக் கீழே வைத்தார். கழுத்தில் வியர்வை இறங்கிச் சட்டை காலர் நிறம் மாறியது. “இருக்குதுங்க மேடம். சீல் போட்ட பில்லு. நான் பொய் சொல்லல.”

“சார், இதுக்கு பில் வேணாம்.”

“இல்லீங்க, இருக்குது. ஒரு நிமிஷம்.”

அவர் மூன்று நாள் தார்ப்பாயின் கீழே உட்கார்ந்திருந்தபோது இந்த முகத்தோடுதான் இருந்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அன்று எனக்கு அது தோன்றவில்லை. என் கை டவுசர் பையின் மேல் இருந்தது. தாள் தொடையில் உறுத்தியது. எடுத்துக் கொடுத்தால் அவர் முகம் சரியாகிவிடும், ஷெட் போய்விடும். நான் கையை அழுத்திக்கொண்டே நின்றேன்.

அந்த மேடம் தாளில் மூன்று டிக் போட்டு, கையெழுத்துப் போட்டு, பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தார். அத்தா சாலை வரை அவர் பின்னால் ஓடினார்.

“மேடம், பில்லு கெடச்சதும் நானே கொண்டாந்து குடுக்கறன்.”

வெயிலில் நிற்க முடியாமல் அவர் குடையை விரித்துக்கொண்டு, “சரிங்க சார்,” என்றார். பேருந்து வந்துவிட்டது. அந்த ஒரு ‘சரிங்க’வில் அத்தா மாட்டிக்கொண்டார்.

அன்று மதியம் அந்தத் தாளைக் கிழித்தேன். முப்பத்திரண்டு துண்டு. பேக்கரி அடுப்புக்குப் போகிற மரத்தூள் மூட்டையில் போட்டுக் கிளறிவிட்டேன். மறுநாள் அத்தா நகல் வாங்க அத்திபெலேவுக்குப் போனார். கடை பூட்டியிருந்தது. லேத் பட்டறை விவகாரத்துக்குப் பிறகு கடைக்காரர் ஊருக்குப் போய்விட்டதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள்.

ஒன்பது நாளில் கடிதம் வந்தது. வெண்டர் கோடு தொடரும் என்று எழுதியிருந்தது. அம்மா எல்லாருக்கும் சேமியாப் பாயசம் செய்தாள். அத்தா கடிதத்தை அக்காவிடம் மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

“பில்லப் பத்தி ஒண்ணும் போடலயே.”

“அது தேவ இல்ல அத்தா. எத்தன தடவ சொல்றது?”

“அந்தம்மா மறந்துட்டாங்க. ஞாபகம் வந்தா வருவாங்க.”

கல்லாவிக்கார அண்ணனிடம் ஒருமுறை கேட்டார், குப்பையோடு எதையாவது கூட்டிவிட்டாயா என்று. இல்லீங்க பாய் என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அடுத்த நாளிலிருந்து அறைச் சாவி அத்தாவின் இடுப்பில் இருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போன அந்த அண்ணன் திரும்பி வரவில்லை. அதற்காகத்தான் வரவில்லையா, வேறு வேலை கிடைத்ததா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவும் இல்லை.

லேத் பட்டறைக்காரர் எங்களிடம் இருந்த லினக்ஸைக் கேட்டார். இரண்டு மாதம் கழித்து அவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். “பில்லு தொலஞ்ச சரக்கு, கை மாத்தக் கூடாது,” என்று அத்தா மறுத்துவிட்டார். யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதற்காகவே செய்யப்பட்ட ஒன்றை அவர் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அக்கா வேறு பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, அந்த லேத் மறுபடியும் ஓட ஆரம்பித்தது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

ஷெட் இருந்த காலம்வரை அத்தா அந்தத் தமிழ்த் திரையில்தான் வேலை செய்தார். நன்றாகவே செய்தார். ஆனால் வாசலில் ஒரு வண்டி நின்றால் அவர் கை விசைப்பலகையிலிருந்து எழுந்துவிடும். யார் என்று தெரிந்த பிறகுதான் திரும்ப அமரும். பெண்கள் யாராவது குடையோடு வந்தால் எழுந்தே நின்றுவிடுவார். எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறேன். அந்த பில் அவரைக் கெடுத்திருக்கும் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அவர் போய், விசிறி, காயவைத்து, பத்திரமாகக் கொண்டுவந்தது பொய் பில் என்பதையும் சொல்ல வேண்டும். நாற்காலி வரைக்கும் போய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அவருக்கு எழுபத்தொன்பது வயதில் படுக்கை. எனக்கு நாற்பத்தாறு. ஷெட்டை விற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தத் தொழிற்சாலையே அப்போது வேறு யாருடையதாகவோ இருந்தது. ஒருநாள் சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு, நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, கண்ணைத் திறந்தார்.

“தம்பி, அந்த லினக்ஸ் பில்லு.”

“சொல்லுங்க அத்தா.”

“நான் போன பின்னாடி அந்தம்மா வந்து கேட்டா நீ என்னா சொல்லுவ?”

நான் வாயைத் திறந்தேன். முப்பத்து நான்கு வருடம் நாக்கின் கீழ் கிடந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேடிக்கிட்டுதான் இருக்கன் அத்தா.”

“எல்லா ஃபைலும் பாத்துட்டியா?”

“இன்னும் ரெண்டு இருக்குது.”

“சரி,” என்றார். “பொறுமையா பாரு.” கண்ணை மூடிக்கொண்டார்.